கெட்டித்த துப்பாக்கி

புதுக்கோட்டைச் சீமையிலுள்ள பழைய காரை வீடுகள் சிலவற்றில் கூடத்துச் சுவரை அண்ணாந்து பார்த்தால் ஒரு காட்சி தென்படும். கண்ணாடி போட்ட ராமர் பட்டாபிஷேகப் படம். அதன் பக்கத்தில், தாத்தாவும் பாட்டியும் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருக்கும் புகைப்படம். அதற்கும் மேலே, ஒரு ஜோடி மான்கொம்பின்மீது, கறுத்துத் துருவேறிய துப்பாக்கி ஒன்று நீளமாகப் படுத்திருக்கும். வந்த விருந்தாளி அதைப் பற்றிக் கேட்டால் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "அதுவா? தாத்தா காலத்துச் சாமான். வெறும் குழாய். எத்தனையோ வருஷமாக அப்படியே கிடக்கிறது" என்பார்.

'அப்படியே' என்றால் எப்படி என்பதுதான் கேள்வி. கடைசியாக அதைக் கையில் எடுத்த மனிதர் வேட்டையிலிருந்து திரும்பி வந்து மாட்டியபோது எப்படி இருந்ததோ அப்படியே என்று பொருள். அன்றைக்கு அவர் ஒரு முயலையோ கௌதாரியையோ சுட்டுவிட்டுத் திரும்பியிருந்தால் வீட்டுக்காரர் சொல்வது சரி. அது வெறும் குழாய்தான். ஒன்றும் அகப்படாமல், கெட்டித்த மருந்தும் ரவையும் குழலுக்குள்ளேயே இருக்கத் திரும்பியிருந்தால்? வெள்ளிக்கிழமைதோறும் அந்தத் துப்பாக்கியைத் தூசி தட்டுகிற வீட்டு அம்மாளுக்கும், ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனம் குங்குமம் இட்டுக் கும்பிடுகிற குழந்தைகளுக்கும் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டாமா?

நேயர்களில் பலர் கெட்டிப்புத் துப்பாக்கியைக் கையால் தொட்டிருக்க மாட்டார்கள். ஆகையால் அதன் லக்ஷணத்தைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இக்காலத்துத் துப்பாக்கிகளில் தோட்டாவைப் பின்புறமாக வைத்து மூடுகிறார்கள். சுடவில்லையென்றால் திறந்து, தோட்டாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். நாட்டுத் துப்பாக்கிக்குப் பின்பக்கக் கதவு கிடையாது. சகலமும் வாய் வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். முதலில் கரிமருந்தை அளந்து கொட்டுவார்கள். அதன்மேல் தேங்காய் நாரையோ பழந்துணியையோ தக்கையாக உருட்டிப் போட்டு, கெஜக்கோலால் நன்றாக இடிப்பார்கள். பிறகு ரவை. ரவை உருண்டு வந்துவிடாமலிருக்க மறுபடியும் ஒரு தக்கை, மறுபடியும் இடி. இந்த வேலைக்குத்தான் 'கெட்டித்தல்' என்று பெயர். கடைசியாக, குழலின் அடிப்பாகத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காம்பின்மேல் சிறு தாமிரக் கேப்பு ஒன்றைச் செருகுவார்கள். விசையை இழுத்தால் குதிரை பாய்ந்து கேப்பின்மேல் அடிக்கும். கேப்பு பொறி கக்கும். பொறி பற்றுவாய் வழியே உள்ளே ஓடி மருந்தைப் பிடிக்கும்.

இந்தப் பொறிக்கு ஆதியில் வழி கண்டுபிடித்தவர் ஸ்காட்லாந்து தேசத்து மாதாகோயில் பாதிரியார் ஒருவர். அலெக்ஸாண்டர் ஃபார்ஸித் என்பது அவர் பெயர். அந்நாளைய சிக்கிமுக்கித் துப்பாக்கியில் வெளியே தெரியும் மின்னலைக் கண்டு நீர்ப்பறவைகள் எச்சரிக்கையாகிப் பறந்துவிடுகின்றனவே என்ற மனக்குறையால், அடித்தால் வெடிக்கும் ரஸாயனத்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்த அவர் வழி தேடினார். 1807-ம் வருஷம் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். கேப்பு அதன் பின்னால் சில வருஷங்களில் வந்தது. நம்முடைய நாட்டுத் துப்பாக்கிகள் இன்றைக்கும் அந்தப் பாதிரியாருடைய யுக்தியின் பேரில்தான் வெடிக்கின்றன.

கெட்டித்த மருந்தை வெளியே எடுக்க இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, சுட்டுத் தீர்ப்பது. மற்றொன்று, கெஜக்கோலின் நுனியில் திருகாணியை மாட்டி, வாய் வழியே விட்டுத் திருகி, தக்கையைக் குத்திப் பிடித்து இழுத்து, ரவையையும் மருந்தையும் கவிழ்த்துக் கொட்டுவது. இரண்டாவது வழி பொறுமையான வேலை. கை தேர்ந்தவர்களுக்கே அது சிரமம். குழலின் வாய்க்கு நேரே கையை வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை என்பதையும் நினைத்துக்கொள்ளவேண்டும்.

இனி வேட்டைக்காரன் வீடு திரும்பும் வேளைக்கு வருவோம். புதுக்கோட்டைச் சீமை பெருங்காடுகள் நிறைந்த பிரதேசமன்று. செம்மண் மேடுகள், புதர்க்காடுகள், எண்ணிறந்த கண்மாய்கள், நார்த்தாமலை, குடுமியான்மலை போன்ற மொட்டைப் பாறைக் குன்றுகள். பிற்காலத்தில் இவற்றோடு முந்திரித் தோப்புகளும் தைலமரக் காடுகளும் சேர்ந்துகொண்டன. தொண்டைமான் மன்னர்கள் காலத்தில் சில காடுகள் அரசருடைய வேட்டைக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தன. மற்ற இடங்களில் காடை, கௌதாரி, முயல், நரி ஆகியவைதான் ஏழை வேட்டைக்காரனுடைய பாக்கியம். அவற்றைத் தேடித் திரிந்தவர்களில் முக்கியமானவர்கள் நரிக்குறவர்கள். தோளில் துப்பாக்கி, இடுப்பில் மருந்துப் பை, பின்னால் ஒரு நாய் என்று அவர்கள் வரப்பில் போகும் தோற்றத்தைத் தமிழ்நாட்டில் சென்ற தலைமுறையைச் சேர்ந்த எல்லாரும் பார்த்திருப்பார்கள்.

பொழுது சாய்ந்துவிட்டது. ஒரு காடைகூடக் கிடைக்கவில்லை. துப்பாக்கியோ காலையில் கெட்டித்தபடியே இருக்கிறது. "ஏன் ஐயா, இதை வானத்தைப் பார்த்துச் சுட்டுவிட்டுப் போகக்கூடாதா?" என்று கேட்டால் அவர் நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார். "மருந்து என்ன சும்மாவா வருது, சாமி? ரவை சும்மாவா வருது? நாளைக்குக் காலையிலே வேணுமே!" என்பார். அதற்கு நம்மால் என்ன பதில் சொல்ல முடியும்? அரை ரூபாய் மருந்தை ஆகாயத்தில் விடுவதென்றால், அன்று வெறுங்கையோடு திரும்புகிறவனுக்கு அது இரட்டை நஷ்டம். லைசென்ஸ் வைத்திருக்கும் குடியானவருடைய நிலைமையும் இதற்கு அதிக வித்தியாசமானதல்ல. ஒரு சமயத்தில் எவ்வளவு மருந்து வைத்திருக்கலாம், வருஷத்துக்கு எவ்வளவு வாங்கலாம் என்று அவருடைய லைசென்ஸிலேயே எழுதியிருக்கிறது. அளந்து கொடுத்ததை ஆகாயத்துக்கு யார் கொடுப்பார்கள்? போதாக்குறைக்கு, ஊருக்குப் பக்கத்தில் வெடிச் சத்தம் கேட்டால் நாலு பேர் வந்து விசாரிப்பார்கள் என்ற யோசனையும் உண்டு.

ஆகவே அவர் செய்வது என்னவென்றால், கேப்பைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டு, துப்பாக்கியைப் பரணிலோ கூரைச் செருகலிலோ வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வதுதான். 'கேப்பு இல்லை, ஆகவே வெடிக்காது' என்பது அவருடைய சாஸ்திரம். இந்தச் சாஸ்திரம் நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமானதல்ல. அமெரிக்காவில் கெட்டிப்புத் துப்பாக்கிக்கென்றே தனியாக வேட்டைப் பருவம் வைத்திருக்கிறார்கள். அங்கே பல மாகாணங்களின் வேட்டைச் சட்டம், கேப்பை எடுத்துவிட்ட துப்பாக்கியை வண்டியில் கொண்டுபோகும்போது 'கெட்டிக்காத துப்பாக்கி' என்றே பாவிக்கிறது. அங்குள்ள வேட்டைக்காரர்களும் நேற்றுக் கெட்டித்ததை நாளைக்குச் சுடலாமா, கூடாதா என்று ஓயாமல் தர்க்கம் செய்கிறார்கள். பனியிலிருந்து வெதுவெதுப்பான வீட்டுக்குள் கொண்டுவந்தால் குழலுக்குள் நீர் கோத்துக்கொள்ளும், ஆகையால் வெளிக் கொட்டகையிலேயே விட்டுவிடு என்பது அவர்களில் ஒரு சாராருடைய கட்சி. வேட்டை அவர்களுக்குப் பொழுதுபோக்கு. நம்மவருக்கோ வயிற்றுப் பாடு. இருந்தாலும் துப்பாக்கிக்கு இந்தப் பேதமெல்லாம் தெரியாது.

கேப்பைக் கழற்றுவது நல்ல காரியந்தான். கழற்றாமல் வைப்பதைவிட ஆயிரம் மடங்கு நல்லது. கேப்பு இருக்கையில் குதிரை அதன்மேல் படிந்திருந்தால் துப்பாக்கி கீழே விழுந்து குதிரைக்கு அடிபட்டாலே போதும். விசையைத் தொடவே வேண்டாம். ஆனால் கேப்பு போனதோடு அபாயமும் போய்விட்டது என்பது சரியன்று. கேப்பிற்குள் பூசியிருந்த மருந்தின் துகள் காம்பில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவது உண்டு. அந்தத் துகளின்மேல் குதிரை விழுந்தால் அதற்கு நம்முடைய சாஸ்திரம் தெரியப்போகிறதா? பரண்மேல் இருக்கிற துப்பாக்கிக்குக் கீழே அடுப்பு எரிகிற வீடுகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவேண்டும். கரிமருந்துக்குக் கேப்புத்தான் வேண்டும் என்பதில்லை. எந்தப் பொறியும் போதும்.

"மருந்து இத்தனை நாளில் நமுத்துப்போய்ச் செத்திருக்கும்" என்று சிலர் தைரியம் சொல்வார்கள். இங்கேதான் பெரிய ஏமாற்றம் இருக்கிறது. கரிமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றின் கலவை. அது ஊசிப்போகும் பண்டமல்ல. ஈரம் பட்டால் கட்டிப்படும்; வேகம் குறையும். அசுத்தமான வெடியுப்பில் செய்த நாட்டு மருந்தாயிருந்தால் ஐப்பசி மழையிலும் மார்கழிப் பனியிலும் அதிகமாகவே ஈரம் வாங்கும். ஆனால் பங்குனி வெயிலில் உலர்ந்தால் மறுபடியும் தீப்பிடிக்கும் சக்தியை அடைந்துவிடும். கெட்டியாக இடித்த தக்கைக்குக் கீழே, காற்றுப் புகாத குழலின் அடியில் இருக்கும் மருந்துக்கோ இந்தச் சிரமங்கூட அதிகமில்லை.

பாதி ஈரமான மருந்து முழு ஈரமான மருந்தைவிடப் பொல்லாதது. விசையை இழுத்தால் 'டக்' என்று குதிரை விழும், வெடிக்காது. "சரி, செத்துப்போச்சு" என்று துப்பாக்கியைத் திருப்பி, வாயில் கண்ணை வைத்துப் பார்ப்பது மனித சுபாவம். உள்ளே ஒரு மூலையில் கங்கு மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும். ஓரிரண்டு விநாடி கழித்து வெடிக்கும். வெடிக்காத துப்பாக்கியை வெட்டவெளியை நோக்கிப் பிடித்தபடியே ஒரு நிமிஷத்துக்குக் குறையாமல் காத்திருக்கவேண்டும் என்று பழைய வேட்டைக்காரர்கள் கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான்.

குழலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுடாத மருந்து இரும்பை அவ்வளவாகத் தின்பதில்லை. சுட்ட மருந்தின் கரிதான் தின்னும். அந்தக் கரி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பை அரிக்கிறது. காலையில் இரண்டு முறை சுட்டு, மூன்றாம் முறை கெட்டித்து, கழுவாமல் அப்படியே வைத்துவிட்ட துப்பாக்கியில், எந்த இடத்தில் வெடியின் அழுத்தம் அதிகமோ அந்த அடிப்பாகத்திலேயே துரு குடியேறுகிறது. கழுவலாமென்றால் உள்ளே மருந்து இருக்கிறது! மாதக்கணக்கில் இப்படிக் கிடந்த குழல், வெடிக்கும்போது வாய் வழியே போகாமல் பக்கவாட்டில் பிளந்தால், இடது கை விரல்களுக்கு யார் உத்தரவாதம்? இன்னொன்று, குழலைத் தலைகீழாக சைக்கிளில் கட்டிக்கொண்டு மேடுபள்ளத்தில் போனால் மேல் தக்கையும் ரவையும் நழுவி முன்னால் வந்துவிடும். மருந்துக்கும் ரவைக்கும் நடுவில் இடைவெளி விழுந்த துப்பாக்கி, கெட்டித்த துப்பாக்கியைவிடக் கொடியது. அதைச் சுட்டால் குழல் வீங்கும், அல்லது வெடிக்கும்.

மருந்து மறக்காது. மறதி மனிதனுக்கு. இதற்கு ஒரு பிரசித்தமான சாட்சி உண்டு. 1863-ம் வருஷம் ஜூலை மாதம் அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் கெட்டிஸ்பர்க் என்ற ஊரில் மூன்று நாள் சண்டை நடந்தது. சண்டை முடிந்து போர்க்களத்தில் பொறுக்கிய துப்பாக்கிகளை எண்ணியபோது 27,574 இருந்தன என்றும், அவற்றில் சுமார் 24,000 கெட்டித்தபடியே கிடந்தன என்றும் அந்நாளையத் தளவாட இலாகாவின் கணக்குச் சொல்கிறது. வியப்பு அதுவன்று. அவற்றில் பாதியில் இரண்டு தடவை கெட்டித்திருந்தது. சுமார் 6,000 துப்பாக்கிகளில் மூன்று முதல் பத்துத் தடவை வரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கெட்டித்திருந்தது. ஒரு துப்பாக்கியில் 23 தடவை! சுட்டதாக நினைத்துக்கொண்டு, சுடாத துப்பாக்கியில் மறுபடி மறுபடி இடித்திருக்கிறார்கள். பீரங்கிச் சத்தத்தில் புத்தி கலங்கிய சிப்பாயின் கதை அது என்று நாம் சமாதானம் சொல்லலாம். ஆனால் வீட்டில் தகப்பனார் ராத்திரி கெட்டித்து வைத்ததை அறியாமல், பிள்ளை விடியற்காலையில் எழுந்து மறுபடியும் மருந்து போட்டு இடிப்பதற்குப் பீரங்கிச் சத்தம் எதற்கு? அரைத் தூக்கம் போதாதா?

திருமயத்துக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் உச்சிப் பாறையின்மேல் ஒரு பழைய பீரங்கியைக் காணலாம். அதன்மேல் ஏறி உட்கார ஆசைப்படாத பிள்ளைகள் குறைவு. இதைப் போலவே நியூயார்க் நகரத்தில், நடுப் பூங்கா என்று அர்த்தப்படும் ஸென்ட்ரல் பார்க்கில் ஒரு பீரங்கி இருந்தது. 1780-ல் அந்நகரத்து ஆற்றில் மூழ்கிய 'ஹுஸார்' என்ற ஆங்கிலப் போர்க்கப்பலைச் சேர்ந்தது. வெகுகாலம் ஜனங்களின் பார்வைக்கு வைத்திருந்து, 1996-ல் உள்ளே கொண்டுபோய்ப் பத்திரப்படுத்தினார்கள். 2013 ஜனவரியில் துருவைச் சுரண்டிச் சுத்தம் செய்ய முற்பட்ட தொழிலாளிகள் வாயடைப்பை எடுத்துப் பார்த்தால், உள்ளே பஞ்சுத் தக்கை, குண்டு, மருந்து! போலீஸார் வந்து மருந்தை அப்புறப்படுத்தினார்கள். அது தீப்பிடிக்கும் நிலையிலேயே இருந்ததாக அவர்கள் தெரிவித்தார்கள். 200 வருஷத்துக்கு மேல் கெட்டித்தபடி இருந்த பீரங்கியைச் சுற்றி எத்தனை தலைமுறைக் குழந்தைகள் ஓடி விளையாடியிருப்பார்கள்! இது நல்லபடியாக முடிந்த கதை. 2008 பிப்ரவரியில் விர்ஜினியா மாகாணத்தில், உள்நாட்டு யுத்த காலத்துப் பீரங்கிக் குண்டு ஒன்றைத் தம் வீட்டில் சுத்தம் செய்துகொண்டிருந்த பழம்பொருள் சேகரிப்பாளர் ஒருவர், அது வெடித்து உயிரிழந்தார். அந்தக் குண்டுக்குள் மருந்து அடைத்து ஏறக்குறைய 140 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இந்தத் துப்பாக்கிக்கும் நம் தேச சரித்திரத்துக்கும் உள்ள சம்பந்தம் பலருக்கு நினைவிராது. 1857-ம் வருஷத்துப் பெரும் புரட்சிக்குப் பொறியாயிருந்தது ஒரு கெட்டிப்புத் துப்பாக்கிதான். கொழுப்புத் தடவிய காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துப் பிய்த்து, மருந்தைக் குழலில் கொட்டி இடிக்க வேண்டிய என்ஃபீல்ட் துப்பாக்கி அது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1799 முதல் 1801 வரை நடந்த பாளையக்காரர் யுத்தங்களின் முடிவில், தென்பாண்டிச் சீமையில் கோட்டைகளை இடித்துத் தள்ளி ஆயுதங்களைப் பறித்த காரியம் நடந்தாகிவிட்டது. பிறகு 1878-ல் லிட்டன் பிரபுவின் ஆட்சியில் இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று சுதேச பாஷைப் பத்திரிகைகளின் வாயைக் கட்டியது. மற்றொன்று ஜனங்களின் கையைக் கட்டியது. பத்திரிகைச் சட்டத்தை ரிப்பன் பிரபு வந்து சில வருஷங்களில் ரத்து செய்துவிட்டார். ஆயுதச் சட்டமோ 1959-ல் சுதந்தர இந்தியா வேறு சட்டம் இயற்றும் வரையில் நீடித்தது. வெள்ளைக்காரர்களை அது கட்டுப்படுத்தாது என்று விதிவிலக்கு வேறு! ஒரு ஜாதி முழுவதையும் ஆயுதமற்றதாக்கிய இந்தச் சட்டத்தை அஹிம்ஸா மூர்த்தியான காந்தியடிகளே 1918-ல் வன்மையாகக் கண்டித்தார் என்றால் அதன் கடுமையை ஊகித்துக்கொள்ளலாம். 1931-ல் கராச்சிக் காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், ஒழுங்கு விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் இடம் பெற்றிருந்தது.

இதில் ஒரு வேடிக்கை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியர்களுடைய பீரங்கிகளுக்கு வேண்டிய வெடியுப்பில் பெரும் பங்கு நம்முடைய பீஹாரிலிருந்துதான் கப்பல் ஏறிற்று. மருந்துக்கு உப்புக் கொடுத்த தேசத்தில், குடியானவன் ஒரு வேட்டு மருந்தை வீணாக்கப் பயந்து துப்பாக்கியைக் கெட்டித்தபடியே கூரையில் செருகி வைத்தான்!

ஆயுதங்களைக் குறைத்தது மாத்திரம் அந்தச் சட்டத்தின் பலன் அல்ல. ஆயுதத்தைப் பற்றிய அறிவையும் அது குறைத்துவிட்டது என்பது என்னுடைய அபிப்பிராயம். துப்பாக்கி இருந்த வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதே ரகஸியமாயிற்று. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியை எடுத்துத் துடைக்கவும், நாலு பேருக்கு எதிரில் சோதித்துப் பார்க்கவும் யார் துணிவார்கள்? குடகு நாட்டில் வேறு விதமாக நடந்தது. குடகர்களுக்குப் பிரிட்டிஷ் ஆட்சி தொட்டே லைசென்ஸிலிருந்து விலக்கு உண்டு. 2019-ல் மத்திய சர்க்கார் அந்த விலக்கை இன்னும் பத்து வருஷத்துக்கு நீட்டித்தது. அவர்கள் வருஷந்தோறும் 'கைல் போள்து' பண்டிகையன்று துப்பாக்கிகளை எடுத்துத் துடைத்துப் பூ வைத்து எல்லாருக்கும் நடுவில் கொலு வைக்கிறார்கள். பகிரங்கமாக வருஷத்துக்கு ஒரு முறையாவது கைக்கு வருகிற துப்பாக்கியில் இருபது வருஷத்து மருந்து தங்குவது கடினம்.

புதுக்கோட்டைக்குச் சொந்தமான மற்றோர் ஆயுதத்தையும் இங்கே நினைவுகூர வேண்டும். கள்ளர் மறவர் கையில் பிரசித்தி பெற்றிருந்த வளரி அது. பிறை போல வளைந்த அந்த எறிதடியைக் கொண்டு இச்சீமையில் முயலும் நரியும் வேட்டையாடிய செய்தியை எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்திய ஜாதிகள் பற்றிய நூலில் பதிவு செய்திருக்கிறார். வளரியை எறிந்தவன் அதைச் சுவரில் மாட்டி வைத்தால் அது வெறும் கட்டைதான். அதன் வயிற்றில் ஒன்றும் தங்கியிராது. துப்பாக்கி வந்தபோது வளரி போயிற்று. வளரியோடு அந்த நிம்மதியும் போயிற்று.

சமஸ்தானம் 1948 மார்ச்சு 3-ந் தேதி இந்திய யூனியனோடு இணைந்து திருச்சி ஜில்லாவின் பகுதியாயிற்று. பின்பு 1974 ஜனவரி 14-ல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. இதற்கு நடுவில் 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டைக்குக் கடிவாளம் போட்டது. காடையும் கௌதாரியும் முயலும் நரியும் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. நரிக்குறவர்கள் பாசிமணி, ஊசி, சீப்பு விற்கும் தொழிலுக்குத் தள்ளப்பட்டார்கள். பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கவேண்டுமென்ற அவர்களுடைய நெடுநாள் கோரிக்கை, சட்டமாகி நிறைவேறியது 2023 ஜனவரியில். ஆக, 'அடுத்த வேட்டை' என்பதே சட்டப்படி இல்லை. ஆனால் அடுத்த வேட்டைக்கென்று கெட்டித்து வைத்த துப்பாக்கிகள் எல்லாம் அந்த 1972-ம் வருஷத்தில் தாமாகவே காலியாகிவிட்டனவா? அவற்றை மாட்டியவர்கள் காலமாகிவிட்டார்கள், துப்பாக்கிகள் இருக்கின்றன.

சட்டத்தில் கெட்டிப்புத் துப்பாக்கிக்கு இன்னமும் ஓர் இடம் உண்டு. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு, மெய்யாகவே பயிர்ப் பாதுகாப்புக்கு வேண்டுமென்று கேட்கும் குடிமகனுக்குக் கெட்டிப்புத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்க வழி செய்கிறது. கடலைக் கொல்லையில் இரவெல்லாம் கண்விழிக்கும் விவசாயியின் கஷ்டம் சட்டம் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்காகக் கண்ட பிராணியையும் சுடலாமென்று அர்த்தமில்லை. வனச் சட்டம் தனியே இருக்கிறது. பெரும்பாலும் வெற்று வேட்டுச் சத்தத்துக்காகத்தான் அந்தத் துப்பாக்கி. 2016-ம் வருஷத்து ஆயுத விதிகள், லைசென்ஸ் கேட்பவர் பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. இந்தப் பயிற்சியில் கெஜக்கோல் வித்தையையும் கற்றுக்கொடுத்தால் எவ்வளவோ புண்ணியம்.

கெஜக்கோல் வித்தை என்றால் மந்திரமல்ல. துப்பாக்கி காலியாக இருக்கும்போது கெஜக்கோலை அடிவரையில் விட்டு, குழலின் வாய் விளிம்பு எங்கே வருகிறதோ அங்கே கோலில் ஒரு கோடு கீறி வைப்பார்கள். வழக்கமான அளவு மருந்தும் ரவையும் கெட்டித்தபின் மறுபடி விட்டு, இன்னொரு கோடு. அதன்பின் எப்பொழுது சந்தேகம் வந்தாலும் கோலை மெதுவாக உள்ளே விட்டால் போதும். முதல் கோடு விளிம்பில் நின்றால் காலி. இரண்டாவது கோடு நின்றால் உள்ளே ஆள் இருக்கிறார். இரண்டு கோடும் வெளியே நின்றால் இரட்டையாகக் கெட்டித்திருக்கிறது, அல்லது தக்கை நழுவியிருக்கிறது, தொடவே வேண்டாம். படிப்பில்லாத வேட்டைக்காரனுடைய கணக்குப் புத்தகம் அந்தக் கோல். வாயால் ஊதிப் பார்ப்பதும், புதுக் கேப்பு வைத்து 'டக்' என்று சோதிப்பதும், விளக்கைப் பிடித்து உள்ளே எட்டிப் பார்ப்பதும் வித்தையல்ல; யமனுக்கு அழைப்பிதழ்.

பரம்பரையாக வந்த துப்பாக்கியைப் பரணில் கண்டெடுக்கிற குடும்பத்துக்கு இந்தக் கோலும் கோடும் பயன்படாது. கீறியவர் போய்விட்டார், கோல் விறகோடு விறகாக எரிந்திருக்கும். அவர்கள் செய்யக்கூடியது, துப்பாக்கி கெட்டித்ததாகவே இருக்கும் என்று எண்ணி, குழந்தைகளை அப்புறப்படுத்திவிட்டு, அதை அசைக்காமல் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்வதுதான். லைசென்ஸ் இல்லையே, வழக்கு வருமே என்று பயப்படுவார்கள். அந்தப் பயம் வாஸ்தவமானது. தமிழ்நாட்டின் மலைக் கிராமங்களில் லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைத் தாமாகவே கொண்டுவந்து ஒப்படைப்பவர்கள்மேல் வழக்கில்லை என்று போலீஸார் தண்டோராப் போட்டபோது, ஜனங்கள் கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறார்கள். சமவெளி ஜில்லாக்களிலும் அப்படி ஒரு தண்டோரா அடிக்கடி ஒலித்தால், கூடத்துச் சுவர்கள் பலவற்றில் மான்கொம்பு மட்டும் மிஞ்சும்.

லைசென்ஸ் உள்ளவர்களுக்கு வேறொரு சந்தர்ப்பம் இருக்கிறது. தேர்தல் வரும்போதெல்லாம் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கும்படி உத்தரவு வருகிறது. பயிர்க் காவலுக்கு வைத்திருந்த துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறுகிறவர் அதற்கு முதல்நாள் மாலையில், ஆள் நடமாட்டமில்லாத வெட்டவெளியில், மண்மேட்டை நோக்கி அதைச் சுட்டுத் தீர்த்து, வெந்நீர் விட்டுக் கழுவி, எண்ணெய்த் துணியால் துடைத்திருப்பாராயின், பஸ்ஸில் பக்கத்து ஸீட்டில் இருப்பவரும், ஸ்டேஷனில் வாங்கி வைக்கும் கான்ஸ்டபிளும், மூன்று மாதம் கழித்து அதைத் திரும்ப எடுத்துக் கொடுக்கிறவரும் தங்களுக்கு நேர்ந்த உபகாரத்தை அறியவே மாட்டார்கள். அதற்குச் செலவு ஒரு வேட்டு மருந்தும் ஒரு பிடி ரவையும்.